நாலு வெளிச்சுவர்

ஏழாவது ஆணியும் வளைந்தபோது நல்லமுத்து சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பூச்சு இல்லாத சீமெந்து புளொக் கல் சுவர். ஆணி போகாத சுவருக்குள் காற்று மட்டும் எப்படிப் போய் வருகிறது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

"என்னங்க பண்றீங்க?" மீனம்மா குசினிக் கதவருகில் வந்து நின்றாள்.

"சுவத்துக்குச் சட்டை போடுறேன். குளிர் உள்ள வராம."

கட்டில் மேல் தேயிலைச் சாக்குகள் குவிந்து கிடந்தன. பெக்டரியில் அவருக்குப் பின் வேலைக்கு வந்தவர்கள், ஓட்டை விழுந்த காகிதச் சாக்குகளை மரியாதைக்காகக் கொடுத்திருந்தார்கள். மீனம்மா சாக்குகளைப் பார்த்தாள். வளைந்த ஆணிகளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவா செய்யப்போறீங்க?"

"பின்ன, வெளாட்டுக்கா செய்றேன்?"

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீனி அதிகமாக இருந்தது. திரும்பிப் போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகையாக இருக்கும் என்று நல்லமுத்து நினைத்துக்கொண்டார்.

போன தை மாதம்தான் அவர்களுக்கு மேல் டிவிசனில் இந்தத் தனி வீடு கிடைத்தது. அதற்கு முன்பு முப்பத்திரண்டு வருடம் கீழ் டிவிசன் லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார்கள். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் நல்லமுத்துவும் மீனம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மாலைத் தேநீர் குடித்ததில்லை. அவள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் அவர் பெக்டரிக்கு ஏறுவார். அவர் தேயிலை உலர்த்தும் ட்ரையர் பக்கத்து வேலையை முடித்துவிட்டு வரும்போது அவள் விடியற்காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வழியில் எதிர்ப்பட்டால் "சாப்பாடு மூடி வச்சிருக்கேங்க" என்பாள். அவர் "ம்" என்பார். அதுதான் அவர்களுடைய குடும்பப் பேச்சு. பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை அவர்கள் நிறுத்தியே இருபது வருடம் ஆகியிருந்தது.

ஓய்வு பெற்றதும் நல்லமுத்து முதல் காரியமாகத் தலவாக்கலைக்குப் போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். பச்சை நிறம். ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு எதிர் மலையில் மூட்டம் இறங்கும் நேரத்தில் இரண்டு பேரும் உட்கார வேண்டும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உட்கார்ந்தால் போதும்.

அந்த நாற்காலிகளில் ஒன்று இன்னும் புதிதாகவே இருந்தது.

எல்லாம் ஒரு மழை நாளில் ஆரம்பித்தது. மீனம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அதிசயமாக, மரக்கறி வெட்டிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி ஏதோ நீளமாகப் பேசினாள். கூரைத் தகட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ட்ரையரின் காற்றாடிக்குப் பக்கத்திலேயே கிடந்த நல்லமுத்துவின் காதுக்கு மழையையும் மீனம்மாவையும் தனித்தனியாகப் பிரிக்கத் தெரியவில்லை. 'குளுருது' என்று விழுந்தது. 'தாங்காது' என்று விழுந்தது. 'லயம்' என்றும் விழுந்தது. இன்னொரு தடவை சொல் என்று கேட்க அவருக்கு வெட்கம். பெரிதாகத் தலையை ஆட்டி, "ம்ம், சரி" என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்கு மீனம்மா கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"கீழ லயத்துக்குப் போயிட்டு வர்றேங்க."

எட்டு மணிக்குத்தான் திரும்பினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நல்லமுத்துவுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புரிந்தது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார். புது வீட்டின் குளிரை மீனம்மாவால் தாங்க முடியவில்லை. பழைய காம்பராவில் இப்போது லயத்து அயல்வீட்டுக்கார மாயாண்டியின் மகள் பிரியந்தி இருக்கிறாள். அங்கே போய்ச் சூடாக உட்கார்ந்துவிட்டு வருகிறாள். கம்பளியைக்கூட எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் எவ்வளவு குளிர் இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். லயத்துக் காம்பராவுக்கு வெளிச்சுவர் இரண்டே இரண்டுதான், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடது பக்கம் ஒருவர் அடுப்பு, வலது பக்கம் ஒருவர் அடுப்பு. இந்த வீட்டுக்கோ நாலும் வெளிச்சுவர். நாலு பக்கமும் மலைக்காற்று சாய்ந்து நிற்கிறது.

முப்பத்திரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த சொந்த வீட்டிலிருந்து அவள் லயத்துக்கு ஓடுகிறாள். அந்த நினைப்புத்தான் நல்லமுத்துவைச் சுத்தியல் எடுக்க வைத்தது.

ஆணி போகாததால் கோதுமை மாவில் பசை காய்ச்சிச் சாக்குகளை ஒட்டினார். மூன்று நாள் அழகாக இருந்தது. நாலாம் நாள் சுவருக்குள்ளிருந்து 'கறுக் கறுக்' என்று சத்தம் வந்தது. மாப்பசையின் ருசி தேயிலைத் தோட்டத்து எலிகளுக்கெல்லாம் எட்டிவிட்டிருந்தது.

"எலி இருக்குங்க," என்றாள் மீனம்மா, கவலையோடு. "எலி இருந்தா ஆகாதே."

"பாத்துக்கிறேன்."

எலி நுழையாமலிருக்க, சாக்கின் மேல் தரையிலிருந்து கூரைவரை பொலித்தீனை இழுத்துக் கட்டினார். எலி நின்றது. ஆனால் பொலித்தீனுக்குப் பின்னால் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் சாக்குகள் ஊறிப்போய் வீடு முழுக்க நனைந்த ஆட்டின் வாடை. ஒரு மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது.

மீனம்மா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது மூச்சுக்கு ஆகாதுங்க," என்றாள். பிறகு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவள் போல, "நீங்க கஷ்டப்பட்டுத்தான் செய்றீங்க. நான் கொறை சொல்லல," என்று சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்கு மூச்சிரைப்பும் வந்துவிட்டதோ என்று நல்லமுத்து பயந்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறித் தலவாக்கலைக்குப் போனார்.

மஃறூப் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் எப்போதும் கூட்டம். நானா ஒரு கண்ணால் கணக்குப் பார்த்துக்கொண்டே ஒரு கண்ணால் போனில் வீடியோ பார்க்கிறவர்.

"வெளிநாட்டுல என்ன செய்றாங்க தெரியுமா அண்ணே? வெளிச் சுவர உள்ளுக்கிருந்தே போத்துறாங்க. பாரமில்லாத வெள்ளைப் பலகை, ரிஜிபோம், அத வைக்கிறாங்க. குளிர் வெளிய நிண்டு கதவத் தட்டும், உள்ள வராது."

"ரிஜிபோம் ஒங்ககிட்ட இருக்கா?"

"முடிஞ்சிச்சு. அடுத்த கிழமை வா."

அடுத்த கிழமைவரை காத்திருக்க நல்லமுத்துவால் முடியவில்லை. ஒரு கிழமை என்றால் ஏழு சாயங்காலம். மீன் சந்தைப் பக்கம் போனார். மீன் வந்த ரிஜிபோம் பெட்டிகள் அங்கே மலைபோல் கிடந்தன. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். முப்பது பெட்டிகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டு அவர் ஏறியதும் பஸ்ஸில் அவரைச் சுற்றி நாலு சீட் காலியானது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கரப்பத்தனை பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்து வந்தார்.

பெட்டிகளைக் கழுவினார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார். எலுமிச்சங்காய் தேய்த்துக் கழுவினார். பலகை பலகையாக வெட்டிச் சுவரில் ஒட்டி முடித்தபோது வீடு வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மீனம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எப்ப முடியும்?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப, வர்ற வாரம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இருட்டுவதற்குள் பதினொன்று சேர்ந்துவிட்டன. கழுவியது மனிதர் மூக்குக்குத்தான். பூனை மூக்குக்குச் சுவர் முழுக்கப் பாரை மீனும் சூரை மீனும் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு கடுவன் பூனை ஜன்னல் வழியாக ஏறி, கட்டிலுக்கு மேலே சுவரை நக்கிக்கொண்டிருந்தது.

மீனம்மா அவ்வளவு கண்டிப்பாகப் பேசி நல்லமுத்து கேட்டதே இல்லை. "எலிகூடப் பரவால்லங்க. பூனை மட்டும் இந்த வீட்டுக்குள்ள இருக்கவே கூடாது."

இவளுக்குப் பூனைமேல் இப்படி ஒரு பயம் இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவர் வருத்தப்பட்டார். இத்தனை வருடத்தில் தெரிந்துகொள்ளாதது இன்னும் என்னென்ன இருக்கிறதோ. பக்கத்தில் உட்கார்ந்தால்தானே தெரியும். அவள் கம்பளியோடு கீழே இறங்கிப் போய்விட்டாள். பதினொரு பூனையோடு அவர் தனியாக இருந்தார்.

இந்த முறை மஃறூப் நானா தானே வந்தார். வீட்டுக்குள் காலை வைத்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"அண்ணே, நான் சொன்னது புது ரிஜிபோம். நீ வீட்ட மீன்பெட்டியாக்கி வச்சிருக்கிறியே."

"நானா, எனக்கு ஒரு வழி சொல்லுங்க. அவ சாயந்தரத்துல வீட்டுல தங்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

மஃறூப் நானா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டார். சுவரின் வெடிப்புகளை முதலில் சீமெந்தால் அடைக்கச் சொன்னார். சுவர் காயும்வரை எதையும் மேலே வைக்கக் கூடாது என்றார். காய்ந்த பிறகு துளைபோட்டு மெல்லிய ரீப்பர் கட்டைகளை அடித்து, கட்டைகளுக்கு இடையே கூரைக்கடியில் போடுகிற வெள்ளித் தகட்டு மெத்தையை விரித்து, அதன் மேல் ஹார்ட்போட் பலகை. மிச்சமிருந்த மெத்தையைக் கூரைக்குக் கீழேயும் இழுத்துக் கட்டினார்கள். இரண்டு வாரம் ஆனது. நானா வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் வராமல் இருந்தார்.

வேலை சுத்தமாக முடிந்தது. குசினி அடுப்பின் சூடு உள்ளே வந்தால் வெளியே போகவில்லை. மழை பெய்தால், மழை வெளியே பெய்கிறது என்று தெரிந்தது. பூனைகள் ஒவ்வொன்றாக நம்பிக்கை இழந்து போய்விட்டன.

ஒரே ஒரு குறை. நாலு பக்கமும் சுவர் ஆளுக்கு அரை முழம் உள்ளே நடந்து வந்திருந்தது. அலுமாரி காம்பராவுக்குள் நுழைய மறுத்து வாசலில் நின்றது. கதவு கட்டிலில் இடித்துப் பாதிதான் திறந்தது. ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். லைட் சுவிட்ச் பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதில், அதைத் தேடி மூன்று இடத்தில் ஓட்டை போட வேண்டியதாயிற்று. வெள்ளித் தகடு குளிரை மட்டுமல்ல, போன் சிக்னலையும் வெளியே நிறுத்திவிட்டது. மீனம்மாவின் போனுக்கு அடிக்கடி யாரோ கோல் எடுத்தார்கள். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று பேசினாள்.

"யாரு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"மிஸ் கோலுங்க."

மிஸ் கோலுக்குப் பத்து நிமிடம் எப்படிப் பேச முடியும் என்று நல்லமுத்துவுக்கு விளங்கவில்லை. குளிர் தாங்காதவள் என்று இத்தனை பாடுபட்டால், அவள் மழையில் நின்று நனைகிறாள். அதையும் அவர் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலரைக்கு, இரண்டு பச்சை நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து உள்ளே கொண்டுவந்து போட்டார். இஞ்சி தட்டிப் போட்டுத் தானே தேத்தண்ணி ஊற்றினார்.

"வா, உக்காரு."

மீனம்மா உட்கார்ந்தாள். முழங்கால்கள் இடித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. அது நல்லமுத்துவுக்குக் குறையாகத் தோன்றவில்லை. அவள் ஒரு மிடறு குடித்தாள். சுவெட்டரைக் கழற்றினாள். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. இந்த மலையில் அவள் வியர்த்து அவர் பார்த்தது, கொழுந்துக் கூடையோடு ஏறி வரும்போது மட்டும்தான். தலையில் நரை இவ்வளவு ஏறியிருப்பதையும், இடது காதோரம் ஒரு சின்ன மறு இருப்பதையும் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் அந்த மறு அங்கேதான் இருந்திருக்கிறது.

அவள் எழுந்து போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சுவராக நாலு சுவரிலும்.

"சூடா இருக்குங்க," என்றாள். "ஒங்களுக்கு எப்படிக் கைம்மாறு செய்யப்போறேன்."

"பக்கத்துல உக்காந்தா போதும்," என்று சொல்ல நினைத்தார். வாய்வரை வந்தது. அதற்குள் கடிகாரம் ஐந்து காட்டியது.

மீனம்மா பதறி எழுந்தாள். பாதித் தேத்தண்ணியை நாற்காலியில் வைத்தாள். கம்பளியை எடுத்துக் கக்கத்தில் சொருகிக்கொண்டு, கதவின் பாதி வழியாகப் பக்கவாட்டில் திரும்பிப் போய்விட்டாள். படியிறங்கும் சத்தம்கூட உள்ளே கேட்கவில்லை. சுவர்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்தன.

அந்தப் பாதித் தேத்தண்ணி ஆறும்வரை நல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வீடு அவ்வளவு சூடாக இருந்ததால் அது ஆறவும் வெகுநேரம் எடுத்தது.

அப்படியென்றால் குளிர் இல்லை. சுவர் இல்லை. அவளுக்கு அவர் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் உட்காராமலே பழகிவிட்டாள். அவ்வளவுதான். எட்டு மணிக்கு அவள் வந்து, "நாளைக்குக் காலையில..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, தூங்கிவிட்டது போல் இருந்தார்.

காலையில் அவள் விடிந்ததும் விடியாததுமாய் லயத்துக்கு இறங்கிவிட்டாள். இப்போது காலையிலும் போகிறாள். நல்லமுத்து பலகைகளை நெம்ப அலவாங்கை எடுத்தார்.

ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஆரம்பித்தார். பலகை விடமாட்டேன் என்றது. மஃறூப் நானா அடித்த ஸ்குரூ ஆணிகள். மூன்றாவது நெம்பில் முதல் பலகை கையோடு வந்தது. பின்னால் வெள்ளித் தகடு பளபளவென்று, அதில் அவர் முகம் கசங்கித் தெரிந்தது. இரண்டாவது பலகையில் அலவாங்கைச் செருகினார்.

"ஐயா. ஐயா. காது கேக்குதா?"

திரும்பினார். பாதிக் கதவில் ஒரு குடையும் ஒரு தோள்பையும் மாட்டிக்கொண்டு நின்றன. பிறகு அவற்றுக்குப் பின்னால் தோட்டத்து மிட்வைப் பிரேமினி மிஸ் பக்கவாட்டில் உள்ளே வந்தார். கர்ப்பிணிகள் உள்ள வீட்டுக்கும் பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கும் மட்டும் வருகிறவர். அவர் காலடி பட்ட வீடாக நல்லமுத்துவின் வீடு என்றைக்கும் இருந்ததில்லை.

மிஸ் ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். சுவரைத் தடவினார். மூலைகளில் குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். சின்னத் தராசு ஒன்றை எடுத்துப் பச்சை நாற்காலியில் வைத்தார். வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "இருபத்தி நாலு. அருமையா இருக்கு," என்றார்.

நல்லமுத்து அலவாங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மிஸ், நீங்க வீடு மாறி வந்துட்டீங்க. எங்க வீட்டுல... கொழந்த இல்லீங்க."

"தெரியுங்க ஐயா." பிரேமினி மிஸ் பிரித்த பலகையைக் கண்டு முகம் சுளித்தார். "ஒங்க வீட்டம்மாவும் பிரியந்தியும் பின்னால வர்றாங்க, பிரியந்தி புள்ளயக் கம்பளியில சுத்திக்கிட்டுப் படி ஏறணும்ல. ஏழு மாசத்துலயே பொறந்தது, நெஞ்சோட அணைச்சே வச்சிருக்கணும்னு நான் சொன்னதுலேருந்து சாயந்தரம் சாயந்தரம் அம்மாதான் பிரியந்திக்கு ஓய்வு குடுத்துட்டு நெஞ்சுல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்தக் காம்பரா குளுருல புள்ள தாங்காது, தாயையும் புள்ளயையும் நம்ம வீட்டுக்கே கூட்டியாந்துருவோமான்னு அன்னிக்கு மழையில அம்மா கேட்டதும், நீங்க சரின்னு தலையாட்டிட்டு ஒரு வாரத்துக்குள்ளயே சுத்தியலத் தூக்கிட்டீங்களாமே, கீழ் டிவிசன் பூராவும் ஒங்க பேச்சுத்தான். தொட்டிலை மட்டும் இந்தப் பிரிச்ச சுவத்துப் பக்கம் கட்டிறாதீங்க ஐயா."